தொண்ணூற்றொரு லட்சமும் ஒரு சோம்பேறியும்

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. சண்டைக்கு வர வேண்டும் என்றால் முதலில் எழுந்திருக்க வேண்டும். அந்தக் காரியத்தை அவள் அத்தனை சுலபத்தில் செய்ய மாட்டாள்.

எழுபதைத் தாண்டிவிட்டேன். எத்தனையோ சோம்பேறிகளைப் பார்த்தாயிற்று. ஒருவரைக் கட்டிக்கொண்டு குடித்தனமே நடத்தியாயிற்று. ஆனால் என் வீட்டுக்காரர், பாவம், செய்யாத வேலைக்கெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டே இருப்பார். சாக்கு சொல்வதும் ஒரு வேலைதானே? அவள் அதுகூடச் செய்ய மாட்டாள். "ஏன்டி செய்யலை?" என்று கேட்டால், "செய்யலை" என்பாள். அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூருக்கு ஐந்து மைல் தள்ளி எங்கள் ஊர். ஏரிக்கரைக்குக் கீழே நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம், அதுதான் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பிலும் தரையில்தான் உட்கார வேண்டும். முதல் நாளே அவள் சுவரோரமாகப் போய், சாய்ந்துகொள்ள வசதியாக, எனக்கு நேர் பின்னால் இடம் பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை தலை பின்னிக்கொண்டு வருவாள். அது வெள்ளிக்கிழமை வரை கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தலையை அதிகம் திருப்ப மாட்டாள். யாராவது கூப்பிட்டால் கண் மட்டும் திரும்பும். வாத்தியார் பெயர் படிக்கும்போது நாங்களெல்லாம் "பிரசண்ட் சார்" என்று ஓடு அதிரக் கத்துவோம். அவள் ஒற்றை விரலைத் தூக்குவாள்.

"வாயைத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமாடி?"

"இங்கதானே சார் கீறேன். வேற எங்க பூடப்போறேன்?"

அடி விழும். அதை வாங்குவதிலும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டுதான் கையை நீட்டுவாள். அடி வலிக்கும் என்றல்ல, அதுவரை கையைத் தூக்கிப் பிடித்திருந்தால் வலிக்குமாம்.

நான் அவளுக்கு நேர் எதிர். வகுப்பில் முதல் ரேங்க். எங்கள் வீட்டில் உழைப்பு என்றால், வேலை முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். அம்மா ஒரே குண்டானை மூன்று முறை கழுவுவாள். அப்பா நாற்பது தென்னம்பிள்ளையைத் தினமும் காலையில் எண்ணிவிட்டு வருவார், ராத்திரியில் எழுந்து நடந்துபோய்விட்டிருக்குமோ என்று. அந்த வீட்டில் பிறந்தவள் எப்படி இருப்பேன்? கணக்கு நோட்டில் பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதி அடுத்த இரண்டு பக்கமும் தழும்பாகிவிடும். அவள் அப்பா எங்கள் கழனியில் கூலி வேலை செய்தவர், என் அப்பாவை "ஆண்டே" என்றுதான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்டவர் மகள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே சரியான விடையைச் சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! எரிந்தது. வேறு என்ன சொல்ல?

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. கோயிலில் விபூதி முதலில் யார் கைக்கு, ஏரித் தண்ணீர் முதலில் யார் கழனிக்கு, கல்யாணப் பந்தியில் யார் எழுந்தபிறகு யார் உட்காரலாம், எல்லாம் முன்னோர்கள் தீர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் யார் தேர்தலுக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதை முழுக்கத் தன் தாத்தாதான் வெட்டினார் என்ற நினைப்பு எங்கள் வாத்தியாருக்கு. எண்களுக்கும் அவர் வரிசை வைத்திருந்தார். நான்கைந்து எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னால் இடது கைப்பக்கம் முதலில் நிற்பதை அடுத்ததால் பெருக்கி, வந்ததை அதற்கு அடுத்ததால் பெருக்கி, ஒவ்வொரு வரியையும் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். அதற்கு "வழி" என்று பெயர்.

"முன்னாடி நிக்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை. குறுக்க பூந்தா தோலை உரிச்சிடுவேன்" என்பார்.

ஒருநாள் வாயால் எண்களைச் சொல்லி சிலேட்டில் பெருக்கச் சொன்னார். "பதினேழு" என்றார். "இருபத்து மூணு" என்றார். நாங்கள் பாய்ந்து பெருக்கினோம். "ஒன்பது" என்றார், பெருக்கினோம். "முப்பத்தொண்ணு" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து எண்பத்தொன்பது என்று முடித்து நிமிர்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் அவள் சிலேட்டு துடைத்து வைத்தபடி இருந்தது. பல்பத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. அன்றைக்கு வாத்தியாருக்கு என்ன குசும்போ, ஒரு மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, "கடைசியா, சைபர்" என்றார்.

"சைபர் சார்" என்றாள் அவள், சுவரில் சாய்ந்தபடியே.

"நான் சொல்றதுக்குத் திருப்பிச் சொல்றியா?"

"இல்ல சார், விடை. சைபரால பெருக்கினா எல்லாம் பூடுச்சே."

"இத்தினி நேரம் ஏன் எழுதல?"

"நீங்க இன்னும் முடிக்கலியே சார். முடிக்கட்டும்னு குந்திக்கினு இருந்தேன்."

நாங்கள் இருபது பேர் அழித்து அழித்து எழுதி, பல்பத்தூள் அப்பிய மூக்கோடு அவளையே பார்த்தோம். முழுக்கக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியது அறிவால் அல்ல என்று நான் அன்று முதல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் செங்கல் விஷயம். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வரப்போகிறது என்று வண்டி வண்டியாகச் செங்கல் இறக்கிச் சன்னலுக்கு வெளியே கட்டுக்கோப்பாக அடுக்கிவிட்டுப் போனார்கள். (சுவர் நான் அந்தப் பள்ளியை விட்டு வரும்வரை வரவில்லை. அது வேறு பேச்சு.) எண்ணிக்கை சரியா என்று பார்க்க வாத்தியார் எங்களை விட்டார். ஒவ்வொரு கல்லாக எடுத்து, கைமாற்றி, அந்தப் பக்கம் அடுக்கி, எண்ண வேண்டும். அவள் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே நீளவாட்டில் இருபத்து நாலு, அகலத்தில் ஐந்து, உயரத்தில் பத்து என்று பார்த்திருக்கிறாள்.

"அஞ்சும் இருவத்தி நாலும் நூத்தி இருவது, பத்து அடுக்கு, ஆயிரத்து எர்நூறு. மேல ஏழு கல்லு இல்ல. ஆயிரத்து நூத்தி தொண்ணூத்தி மூணு சார்" என்றாள்.

"வாயை மூடுடி சோம்பேறி" என்றார் வாத்தியார்.

மத்தியானம் வரை தூக்கினோம். கை தோலெல்லாம் போய்விட்டது. பையன்கள் கணக்கு ஆயிரத்து நூற்று எண்பது, எங்கள் கணக்கு ஆயிரத்து இருநூற்று நாலு. இரண்டு கட்சிக்கும் அடிதடி ஆகும்போது வண்டிக்காரர் வந்தார். "ஆயிரத்து எர்நூறு ஏத்தினேன் சார், வழியில ஏழு கல்லு ஒடைஞ்சி பூடுச்சி" என்றார். வாத்தியார் எங்களைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். பிறகு செங்கலை மறுபடி பழைய இடத்திலேயே அடுக்கச் சொன்னார்.

எப்படி உனக்குச் சட்டென்று வருகிறது என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சாப்பாட்டு வேளை. அவள் புளித்த கூழைக் குடித்துவிட்டு, கையைக் கழுவ எழ மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் ஒருவாட்டி பாப்பேன். எதுக்கும் எதுக்கும் சிநேகம்னு பாப்பேன். ரெண்டும் அஞ்சும் சிநேகம், சேந்தா பத்து. நாலும் இருவத்தஞ்சும் சிநேகம், சேந்தா நூறு. எட்டும் நூத்தி இருவத்தஞ்சும் அதுங்களுக்குப் பெரியப்பன் வூட்டுப் பசங்க, சேந்தா ஆயிரம். அதுங்களைச் சேத்து வுட்டுட்டா அப்புறம் சைபர் போடற வேலைதானே. யாரு பேஜார் புடிச்சி வரி வரியா எழுதிக்கினு இருப்பா?"

"ஏழு?"

"அது யாரோடவும் ஒட்டாது. மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு தனியா நிக்கும். அதைக் கடைசியா பாத்துக்கலாம்." கண்ணைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். "உன்னை மாதிரி."

அன்றிலிருந்து நான் அவளுக்கு ஏழு. "ஏ ஏழு, தண்ணி மொண்டா." "ஏ ஏழு, மணி இன்னா?" என் அப்பாவின் கழனியில் கூலி செய்கிறவர் மகள், என்னை! ஆனால் பாருங்கள், வேறு யாரும் என்னை எதுவும் வைத்துக் கூப்பிட்டதில்லை. என் அப்பாவுக்குப் பயந்து ஒதுங்கித்தான் போவார்கள். அதனால் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

இத்தனை சோம்பேறிக்கு ஒரு ஆசை இருந்தது. உத்திரமேரூர் ஹைஸ்கூலில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும்.

"நீயா? படிக்கவா?"

"நாத்து நட்டு பாத்துக்கீறியா நீ? நாள் பூரா குனிஞ்சிக்கினே நிக்கணும். களை புடுங்கினாலும் குனியணும், அறுத்தாலும் குனியணும். ஒலகத்துல குந்திக்கினே செய்யற வேலை படிப்பு ஒண்ணுதான். அப்புறம் ஆபீசு. அதுவும் நாற்காலிதானே? நான் வுடமாட்டேன்."

அவள் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். ஐந்தாவது பாஸ் ஆனால் உத்திரமேரூர். ஃபெயில் ஆனால் அடுத்த நாளே சேற்றில் இறங்க வேண்டும். என் அப்பாவும் "இந்த வருசம் நடவுக்கு ஒரு கை சேருது" என்று சாப்பிடும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். ஆபத்து கணக்கில்தான். விடை மட்டும் எழுதினால் வாத்தியார் சைபர் போடுவார். வழி எழுதினால் அவள் கை வலிக்கும்.

பரீட்சை வந்தது. பெரிய கணக்கு ஒன்றே ஒன்றுதான், அதற்குத்தான் முக்கால்வாசி மார்க்கு. இருபத்தைந்து, ஏழு, நூற்றிருபத்தைந்து, பதிமூன்று, நான்கு, எட்டு, இவற்றைப் பெருக்கு. நான் தாளின் இரண்டு பக்கத்தையும் நிரப்பினேன். ஸ்கேல் வைத்து ஒன்பது கோடு போட்டேன். பின்னால் அவள் ஒரு வரி எழுதிவிட்டு, தாளை விசிறியாக வீசிக்கொண்டிருந்தாள். அந்தக் காற்று என் கழுத்தில் பட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் தாள் திருத்தும்போது வாத்தியார் அவளுடையதைத் தூக்கிப் பிடித்தார். தொண்ணூற்றொரு லட்சம் என்று ஒரே வரி.

"வழி எங்கடி?"

"விடை தப்பா சார்?"

"விடையை யாரு கேட்டா? முன்னாடி உக்காந்திருக்கிறவளைப் பாத்து எழுதிட்டே." என் பக்கம் திரும்பினார். என்னிடம் மட்டும் அவர் குரல் பாகாகிவிடும். "ஏம்மா, உன்னைப் பாத்துத்தானே எழுதினா?"

"ஆமாம் சார்" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்றெல்லாம் இப்போது ஆராய்ச்சி பண்ண மாட்டேன். பொறாமை. பச்சைப் பொறாமை. நான் இரண்டு பக்கம் எழுதினேன், அவள் விசிறிக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "சார், ஏழு... அவ தாளைக் கொஞ்சம் பாருங்க சார்" என்றாள்.

வாத்தியார் என் தாளை எடுத்தார். அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். தொண்ணூறு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து எண்ணூறு. நடுவில் எங்கேயோ ஆறும் ஏழும் பன்னிரண்டு என்று போட்டிருந்தேன்.

"அந்த விடையைப் பாத்து இந்த விடையை எப்டி சார் எழுத முடியும்?" என்றாள். "அவ்ளோ வரி எழுதினா எங்கியாவது ஒண்ணு பிசகிடும். அதுக்குத்தான் நான் எழுதறதில்ல."

வகுப்பே சிரித்தது. சிரித்திருக்கக் கூடாது. வாத்தியாருக்கு மூக்குநுனி சிவந்துவிட்டது.

"அப்ப எப்படி வந்தது? சொல்லு."

"நாலும் இருவத்தஞ்சும் நூறு. எட்டும் நூத்தி இருவத்தஞ்சும் ஆயிரம். ரெண்டையும் பெருக்கினா லட்சம். மீந்தது ஏழும் பதிமூணும், தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி ஒரு லட்சம்."

"வரிசையைக் கலைச்சிட்டே. தப்பு."

அவள் மோவாயால் சன்னலுக்கு வெளியே காட்டினாள். "அந்தக் கல்லை நீளத்துலேர்ந்து பாத்தாலும் ஒயரத்துலேர்ந்து பாத்தாலும் அதே கல்லுதானே சார்? நீங்க அந்தாண்டப் போயி நின்னு எண்ணினா ஒரு கல்லு எய்ந்து ஓடிப்பூடுமா?"

"கல்லு வேற, கணக்கு வேற" என்றார் வாத்தியார். சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவள் முதுகு சுவரை விட்டு வந்துவிட்டது. நிமிர்ந்து, பிறகு எழுந்தே நின்றுவிட்டாள். வருடம் முழுவதும் கூப்பிட்டாலும் எழாதவள்.

"போட்டுடாதீங்க சார். சைபர் போட்டுடாதீங்க. நாளைக்கே சேத்துல எறக்கிடுவாங்க சார்."

நான் எழுந்தேன். "சார், அவ என்னைப் பாத்து எழுதல. நான் பொய் சொன்னேன்" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழவும் செய்தேன். அழுதால் அடி குறையும் என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் இருந்தது.

வாத்தியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். இடமிருந்து வலம், வரிசை தவறாமல், தானே பெருக்க ஆரம்பித்தார். இரண்டு முறை அழித்தார். வேட்டியெல்லாம் சாக்பீஸ். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. கடைசி வரியில் ஒன்பது, ஒன்று, அதற்குப் பிறகு ஐந்து சைபர் விழுந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் கை தட்டி, உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"விடைக்கு முப்பத்தஞ்சு. வழிக்கு சைபர்" என்றார். நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். மனுஷன் அத்தனைக்குக் கெட்டவர் இல்லை. எனக்குத் தப்பான விடைக்கு அறுபது மார்க், பொய்க்கு நாலு அடி.

வெளியே வந்ததும் அவள் பூவரச மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நல்லகாலம், மார்க்கைக் கூட்டறாங்க. பெருக்கியிருந்தா பூட்டு இருக்கும்" என்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜூன் மாதம் ஹைஸ்கூல் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் இன்னொரு பெருக்கல் போட்டுவிட்டாள். ஒரு தடவைக்கு ஐந்து மைல். போக வர இரண்டு. வருடத்துக்கு இருநூறு நாள். ஆறு வருடம். ஐந்தும் இரண்டும் சிநேகம் வேறு, உடனே விடை வந்துவிட்டது.

"பன்னெண்டாயிரம் மைலு" என்றாள். முகம் வெளுத்துவிட்டிருந்தது. "நான் வரல. நாத்தே நட்டுக்கறேன்."

நாலு அடி வாங்கி, அழுது, மானம் போய், இதற்காகவா! "ஏன்டி முன்னாடியே கணக்குப் போடல?" என்று கத்தினேன். "தோணல" என்றாள். வழக்கம்போலச் சாக்கு கிடையாது.

எனக்கு அப்பா கூண்டு வண்டி ஏற்பாடு செய்திருந்தார், தினமும் கொண்டுவிட்டுக் கூட்டி வர. அவரிடம் போனேன்.

"நைனா, அவளும் வண்டியில வரட்டும்."

"இன்னா பேச்சு இது? கூலிக்காரன் பொண்ணு கூண்டு வண்டியிலயா? ஊரு இன்னா சொல்லும்? ஒரு வரிசை மொறை இல்ல?"

சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். ஒரு வேளை முழுசாகச் சாப்பிடவில்லை. (பானைக்குள் முறுக்கு இருந்தது. அது சாப்பாட்டில் சேராது.) அடுத்த வேளையும் தட்டைத் தள்ளியதும் அப்பா இறங்கி வந்தார். "பின்னால, காலைத் தொங்கப் போட்டுக்கினு குந்தட்டும். உள்ள ஏறக் கூடாது" என்றார்.

இதைப் போய் அவளிடம் சொன்னேன். உள்ளே இருக்கும் வைக்கோல் மெத்தையில் நான், வெளியே பின்கட்டையில் அவள். சொல்லவே அசிங்கமாக இருந்தது.

"முன்னால குந்தினா இன்னா, பின்னால குந்தினா இன்னா. போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதானே?" என்றாள். "நடை எவ்ளோ?"

"நடையே இல்ல. சைபர்."

"அப்ப பன்னெண்டாயிரமும் பூடுச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றுதான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

முதல் வாரம் பின்கட்டையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது வாரம், ஏரி மறைந்து ஊர்க்கண் படாத இடம் வந்ததும், ஒரு காலை உள்ளே வைத்தாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் முதுகு உள்ளே வந்தது. ஒரு மாதத்தில் அவள் வைக்கோல்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டு, என் புத்தகப் பையைத் தலைக்கு வைத்திருந்தாள். நான் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நாளாக மனசில் இருந்ததை அன்றைக்குக் கேட்டேன். "பரீட்சையன்னைக்கு நான் பொய் சொன்னேன் இல்ல. உனக்கு என்மேல கோவம் இல்லியாடி?"

கண்ணை மூடியபடியே சொன்னாள். "கோவப்பட்டா அதை ஞாபகம் வச்சிக்கினே இருக்கணும். யாரால ஆவும்?" அப்புறம் காலால் என் இடுப்பில் லேசாக ஒரு தட்டு. "கொஞ்சம் தள்ளு ஏழு. காலு நீட்டணும்."

நான் தள்ளி உட்கார்ந்தேன்.